சூட்கேஸ் முதல்வர்

முதல்வர் கத்பர்ட் டெய்லியை நெஞ்சு அறுவை சிகிச்சைக்காகப் பார்படோஸுக்குக் கொண்டுபோன அன்று கவர்னர் மாளிகையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. முதல்வர் தீவுக்கு வெளியே இருக்கும் நாட்களில் துணை முதல்வர் லெமுவல் ஃபென்டன், அதாவது நான், முதல்வராகச் செயல்படுவார் என்று இரண்டு வரி. கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. பதினொரு வருஷமாக இப்படி வந்த கடிதங்களை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். அப்படி ஒரு கோப்பு இருப்பது என் மனைவி வெர்னாவுக்குத் தெரியாது.

எங்கள் செயின்ட் ஜூட் தீவில் என்னை 'சூட்கேஸ் முதல்வர்' என்பார்கள். கத்பர்ட் சூட்கேஸைத் தூக்கினால் நான் முதல்வர். அவன் திரும்பி வந்து அதைக் கீழே வைத்தால் பழையபடி லெம். ரம் கடை வாசலில் டோமினோ ஆடுகிறவர்கள் என் காரைப் பார்த்ததும் குரல் கொடுப்பார்கள்.

"என்ன லெம், இந்தத் தடவை எத்தனை நாளைக்கு?"

நானும் சிரித்தபடி கையை ஆட்டிவிட்டுப் போவேன். அப்படிச் சிரிக்கப் பழகிக்கொள்ள எனக்கு இரண்டு தேர்தல் பிடித்தது.

கத்பர்ட்டும் நானும் ஒரே பள்ளிக்கூடம். கிரிக்கெட் அணிக்கு அவன் கேப்டன், நான் துணைக் கேப்டன். அதனால்தான் இன்றுவரை தீவே அவனை ஸ்கிப்பர் என்கிறது. துணைக் கேப்டனுக்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது. பக்கத்துத் தீவோடு ஆடிய இறுதி ஆட்டத்தில் விக்கெட்டுக்குப் பின்னால் நின்று ஆறு கேட்ச் பிடித்தேன். மறுநாள் பத்திரிகையில் ஸ்கிப்பர் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம் வந்தது. அதில் என் இடது முழங்கை மட்டும் இருக்கிறது.

கட்சி தொடங்கியது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். கட்சியின் விதிகளை எழுதியவன் நான். தலைவர் யார் என்ற பேச்சு வந்ததும் யாரோ "ஸ்கிப்பர்தான்" என்றார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியது நான்தான் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். இருக்கலாம்.

அவனிடம் என்ன இருக்கிறது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டு ஆட்டின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்வான். நான் போனால் கூரைக்கு எத்தனை தகடு வேண்டும் என்று அண்ணாந்து பார்ப்பேன். பொதுப்பணியும் குடிநீரும் என் இலாகா. புயலுக்குப் பிறகு தகடுகளை லாரியில் ஏற்றி நானே வீடு வீடாக இறக்குவேன். வாங்கிக்கொண்டு, "ஸ்கிப்பருக்கு ரொம்ப நன்றின்னு சொல்லுங்க" என்பார்கள். சொல்லவும் செய்வேன். அவனுடைய சிரிப்பு, கையெழுத்து, கார்க் கதவைச் சாத்துகிற சத்தம் எல்லாமே எனக்கு வயிற்றெரிச்சல்தான். அறுவை சிகிச்சைகூட. அவனுக்காக நான்கு தேவாலயங்களில் ஜெபம் நடந்தது. முந்தின வருஷம் எனக்குச் சிறுநீரகக் கல் எடுத்தபோது எங்கள் மெதடிஸ்ட் தேவாலயத்தில் மட்டும் ஜெபித்தார்கள். அதுவும் "சகோதரர் சாமுவேலுக்காக" என்று.

இது போதாதென்று நான்கு வருஷமாக ஜனெல் ஸ்வீனி வேறு. முப்பத்தாறு வயது, டிரினிடாடில் படித்துவிட்டு வந்தவள், கல்வி அமைச்சர். வெளிநாட்டுக் கூட்டங்களுக்கு ஸ்கிப்பர் அவளைத்தான் கூட்டிப்போவான். "நீ இங்க இருந்தாத்தான் எனக்குத் தைரியம், லெம்" என்பான் என்னிடம். அவள் என்னை "லெம் மாமா" என்று கூப்பிடுவாள். மரியாதையான பெண். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் சட்டமன்றத்தில் மொத்தம் ஒன்பது பேர். ஆளும் கட்சியில் ஐந்து, எதிர்க்கட்சியில் நான்கு. ஸ்கிப்பர் மருத்துவமனையில் படுத்ததும் நாங்களும் நான்காகிவிட்டோம். எதிர்க்கட்சித் தலைவர் ஹோரஸ் கேசல் அதற்காகவே காத்திருந்ததுபோல், வரும் வியாழக்கிழமைக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்துவிட்டான். நாலுக்கு நாலு என்று வந்தால், அந்த ஒன்பதில் சேராத சபாநாயகரின் ஓட்டு எங்கள் பக்கம் விழும், தீர்மானம் தோற்கும். அது ஹோரஸுக்கும் தெரியும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைக் கடற்கரை வீட்டுக்கு ஆட்டுக்கறிச் சாறு குடிக்க அழைத்தான்.

ஹோரஸுக்கு ஊரில் பெரிய இரும்புக் கடை. சமையலும் நன்றாக வரும். கிராம்பு வாசனையோடு பானை கொதித்துக்கொண்டிருந்தது. கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, வளைத்துப் பேசாமல் நேராகவே ஆரம்பித்தான்.

"லெம், அந்தக் கட்சிய நடத்துறது யாரு?"

"ஸ்கிப்பர்."

"சும்மா சொல்லாதப்பா. குழாய் போட்டது நீ. ரோடு போட்டது நீ. பட்ஜெட்ல பாதிய எழுதுறது நீ. அவன் என்ன செய்றான்? கல்யாணத்துல கேக் வெட்டுறான்."

நான் சாற்றை ஊதிக் குடித்தேன்.

"வியாழக்கிழமை நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு. அஞ்சுக்கு மூணு. சாயந்தரமே கவர்னர் உன்னைக் கூப்பிட்டு முதல்வராக்கிடுவாரு. சூட்கேஸ் முதல்வர் இல்ல, நிஜ முதல்வர். நான் துணையா இருந்துக்கறேன்."

"நீயா? எனக்குத் துணையா?"

"எனக்கென்னப்பா, எந்த நாற்காலியா இருந்தாலும் சரி. வெளியில நின்னு நின்னு கால் வலிக்குது."

புதன்கிழமை பதில் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் தனியாகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டேன். 'லெமுவல் ஃபென்டன் ஆகிய நான்.' குரல் நன்றாகத்தான் வந்தது.

வெர்னாவிடம் சொன்னேன். அவள் மொச்சைக்காயை உரித்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தவே இல்லை.

"அங்க அவனுக்கு நெஞ்சைப் பொளந்து போட்டிருக்காங்க. நீ நாற்காலியக் கேட்டுக்கிட்டு நிக்கறியா?"

"இப்ப இல்லேன்னா எப்ப, வெர்னா? எனக்கு வயசு அறுபத்தொண்ணு."

"உனக்கு நாற்காலியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவன்கிட்ட அது இருக்கக் கூடாது. அவ்வளவுதான் உன் ஆசை."

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் அவள் வைத்த சத்தத்திலேயே மிச்சப் பேச்சும் புரிந்துவிட்டது. இருந்தும் நான் மாறவில்லை. திங்களும் செவ்வாயும் அலுவலகத்தில் ஒரு கோப்பைக்கூடத் திறக்காமல் பேச்சை எழுதினேன். மக்களின் நலன், காலத்தின் கட்டாயம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். அதில் ஸ்கிப்பரின் பெயரை ஒரு இடத்தில் மரியாதையாகக் குறிப்பிட்டுவிட்டு, அப்புறம் அதையும் அடித்தேன்.

புதன்கிழமை காலை ஹோரஸின் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னால் பெயின்ட் டப்பாக்கள் அடுக்கிய அறையில் ஹோரஸும் அவனுடைய கட்சிக்காரர் கிளமென்ட்டும் இருந்தார்கள். கிளமென்ட் நல்ல மனிதர். ஆனால் வாயில் எதுவும் தங்காது. சரி என்று சொல்லத்தான் போயிருந்தேன். நாற்காலியை இழுத்து உட்காரக்கூட இல்லை, என் முகத்தைப் பார்த்தே அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கிளமென்ட் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! அந்தப் பொண்ணு முடியாதுன்னதும் எல்லாம் போச்சுன்னுதான் நெனச்சோம். நல்ல வேளை, நீங்க இருந்தீங்க."

"எந்தப் பொண்ணு?"

ஹோரஸ் கண்ணை மூடிக்கொண்டான். கிளமென்ட்டுக்கு அப்போதும் புரியவில்லை.

"ஜனெல்தான். முதல்ல அவகிட்டதானே போனோம்? சனிக்கிழமை. முதல்வர் பதவிய அப்படியே தட்டுல வெச்சுக் குடுத்தோம். ரெண்டு நிமிஷம்கூட யோசிக்கல. கதவைக் காட்டிட்டா."

அப்போது எனக்கு என்ன ஆயிற்று என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நண்பனுக்குத் துரோகம் செய்யப் போனோமே என்று வெட்கப்படவில்லை. அந்தச் சின்னப் பெண் ஒரு நொடியில் தள்ளியதை நான் மூன்று நாளாக நாவில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேனே என்றும் தோன்றவில்லை. தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இதிலும் நான் இரண்டாவதா?

"ஹோரஸ், துரோகம் பண்ணக்கூட உனக்கு நான் ரெண்டாவது ஆளா?"

"லெம், உக்காருப்பா. அவ சின்னப் பொண்ணு, சும்மா கேட்டுப் பார்த்தோம்..."

"அவளுக்குக் குடுக்கறதா இருந்த நாற்காலிய எனக்கு நீட்டுறியா? அவ வேண்டாம்னு தள்ளினதையா?"

"அட, நாற்காலி நாற்காலிதானேப்பா!"

"முடியாது. போடா."

வெளியே வந்து காரில் ஏறியதும் ஸ்டீரிங்கை ஒரு குத்துக் குத்தினேன். ஹாரன் அலறி, தெருவில் போன கோழி ஒன்று பதறி ஓடியது.

மறுநாள் சபையில் தீர்மானத்தை எதிர்த்து அரசு தரப்பில் பேச வேண்டியவன் செயல் முதல்வராகிய நான். எழுதிவைத்திருந்த பேச்சு அதற்கு உதவாது. அதனால் வெறும் கையோடு எழுந்தேன். ஹோரஸைப் பார்த்தேன். முந்தின நாள் கோபம் அப்படியே திரும்பி வந்தது.

"நெஞ்சில் கத்தி பட்டுப் படுத்துக் கிடப்பவனின் நாற்காலியை, அவன் முதுகுக்குப் பின்னால் வீடு வீடாகக் கொண்டுபோய் விலை பேசுகிறவர்கள் யார்?" என்று ஆரம்பித்தேன். நாற்பது நிமிஷம் பேசினேன். ஹோரஸ் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் யார் வீட்டுக்கெல்லாம் போனான் என்று சொல்ல வேண்டிவரும். எங்கள் வரிசையில் ஜனெல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கி. தீர்மானம் தோற்றது.

பேச்சை ரேடியோவில் தீவு முழுவதும் கேட்டிருந்தார்கள். மறுநாள் ரம் கடை வாசலில் இருந்தவர்கள் டோமினோவை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். மீன் விற்கிற மிஸ் ஆக்னஸ் காரை நிறுத்தி, காசு வாங்காமல் இரண்டு சிவப்பு மீனை ஜன்னல் வழியாக உள்ளே போட்டாள். "விசுவாசம்னா லெம்தான்" என்றாள். என் பெயரைச் சொல்லி ஒருவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. மீன் நல்ல மீன். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

ஸ்கிப்பர் மூன்று வாரம் கழித்துத் திரும்பினான். கோட்டு தோளில் தொங்கியது. முகம் பாதியாகியிருந்தது. அந்த ஞாயிறு தேவாலயத்தில் எழுந்து நின்று பேசினான்.

"படுக்கைல இருந்து ஃபோன்ல அந்தப் பேச்சைக் கேட்டேன். நர்ஸு வந்து, ஏன் அழறீங்க, வலிக்குதான்னு கேட்டா. என் தம்பி பேசுறாம்மான்னு சொன்னேன்."

கூட்டமே அழுதது. எல்லோரும் அவனைப் பார்த்துத்தான் அழுதார்கள். என்னைப் புகழ்ந்து பேசும்போதும் ஊர் அவனைத்தான் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அதுவும் கண்ணில் பட்டது. திருந்தாத ஜென்மம் நான்.

அடுத்த மாதம் மருத்துவர் சொன்னதைக் கேட்டு அவன் ராஜினாமா செய்ய முடிவெடுத்தான். புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க நாங்கள் ஐந்து பேரும் அவன் வீட்டு வராந்தாவில் கூடினோம். மற்ற இரண்டு உறுப்பினர்களில் பெர்ட்டி எனக்குத்தான் ஓட்டுப் போடப்போவதாக முதலிலேயே சொல்லியிருந்தான். ஆல்வின் ஜனெல் பக்கம். அவளுக்கு அவள், எனக்கு நான். மிச்சம் ஸ்கிப்பர். நாற்பத்தைந்து வருஷ சிநேகிதம், போதாததற்கு அந்தப் பேச்சு. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

ஓட்டுச் சீட்டுகளைப் பிரித்துப் படித்தவன் பெர்ட்டி. ஜனெல் மூன்று, லெமுவல் இரண்டு.

மற்றவர்கள் போன பிறகும் நான் எழவில்லை. ஸ்கிப்பர் தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தான்.

"ஆமா, நான் அவளுக்குத்தான் போட்டேன்," என்றான், நான் கேட்பதற்குள்.

"ஏன்?"

"சொன்னா கோவிச்சுக்குவே."

"இப்ப மட்டும் கோவம் இல்லேன்னா நெனக்கிறே?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "வடமுனைல தண்ணி வந்த அன்னிக்கு ஞாபகம் இருக்கா? குழாயத் திறந்ததும் ஒரு கிழவி ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. நீ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னே. அந்தக் கிழவிய ஒரு தடவையாவது பாத்தியா? அவ பேரு என்னன்னு தெரியுமா உனக்கு? ஆறு வருஷம் அலைஞ்சு தண்ணி கொண்டுவந்தவன் நீ."

எனக்குக் காது சுட்டது.

"அப்ப தெரிஞ்சுதான் இத்தனை வருஷம் என்னைப் பக்கத்துல வெச்சிருந்தியா?"

"தெரியாம இருக்குமாடா? பள்ளிக்கூடத்துலயே தெரியும்."

"பின்னே?"

"வேலைய உன்னை மாதிரி எவன் செய்வான்? உன்னைத் தொரத்திட்டு நான் ஃபைலு படிக்கறதா?" என்று சிரித்தான். சிரித்ததில் தையல் வலித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு நெஞ்சைப் பிடித்தான். கோபத்தோடு தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். கோபம் தணியாமலேதான் தலையணையையும் சரிசெய்தேன். "எனக்கு வசதியா இருந்துச்சு, லெம். அது தப்புதான்" என்றான் கண்ணை மூடிக்கொண்டே. நான் எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு நாள் அலுவலகம் போகவில்லை. மூன்றாம் நாள் ஜனெல் வீட்டுக்கே வந்தாள், கையில் எதுவும் இல்லாமல், தனியாக.

"லெம் மாமா, துணை முதல்வரா இருங்க."

"பெர்ட்டியக் கேளு."

"பெர்ட்டி மாமா கூட்டத்துல தூங்கிடுவாரு. ஆல்வினுக்குக் குழாய்க்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாது. உங்களைக் கெஞ்சத்தான் வந்திருக்கேன், வேற வழியில்ல."

"நான் உனக்கு எதிரா நின்னவன்."

"நின்னீங்க. ரெண்டு ஓட்டும் வாங்கினீங்க. அதுக்கென்ன?" கொஞ்சம் தயங்கினாள். "ஹோரஸ் உங்ககிட்டயும் வந்தார்னு எனக்குத் தெரியும். என்கிட்ட வந்துட்டுப் போனதும், அடுத்தது உங்ககிட்டதான் வருவாங்கன்னு ஸ்கிப்பருக்கு ஃபோன் பண்ணினேன். லெம் போக மாட்டான், நீ பயப்படாதேன்னாரு."

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். தப்பு செய்தவனாகத்தான் சரி சொன்னேன். அவளோ பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள்.

கவர்னர் மாளிகையில் பதவியேற்பு நடந்தது. ஜனெலின் அம்மா பெரிய மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு முன்வரிசையில் அழுதாள். அந்தப் பிரமாணத்தின் ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். ஜனெல் சொல்லச் சொல்ல என் உதடும் கூடவே அசைந்தது. ஒரு இடத்தில் அவள் தடுமாறினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே அசிங்கமாகவும் இருந்தது. அவளுக்குப் பிறகு நான் எழுந்துபோய் என் பிரமாணத்தை எடுத்தேன்.

திரும்பி வரும்போது காரில் வெர்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

"ஒண்ணு சொல்லவா? அன்னிக்கு நீ ஹோரஸ்கிட்ட முடியாதுன்னு சொன்னே பாரு, அதுக்கப்புறம் நீ முதல்வரானா என்ன, ஆகாட்டி என்னன்னு ஆயிடுச்சு எனக்கு. எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

அந்தக் கையை வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் ஓட்டியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"வெர்னா, நான் சரின்னு சொல்லத்தான் போனேன்."

"என்னது?"

"அவங்க முதல்ல ஜனெல்கிட்ட போயிருக்காங்க. அவ வேண்டாம்னப்புறம்தான் என்கிட்ட. அது தெரிஞ்சதும் கோவம் வந்துடுச்சு. அதனாலதான் முடியாதுன்னேன். வேற ஒண்ணும் இல்ல."

கையை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான், இனி ஒரு மாதம் பேச மாட்டாள் என்று நினைத்தேன். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து பார்த்தால், சிரிப்பு. வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. "ரெண்டாவதாக் கேட்டாங்கன்னா! அதுக்கா!" என்று மறுபடியும் ஆரம்பித்தாள். பதவியேற்புக்குப் போட்டு வந்த அவள் தொப்பி கழன்று மடியில் விழுந்தது. கடற்கரை ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "அந்த நாற்பது நிமிஷப் பேச்சும் அதுக்குத்தானா?" என்றாள்.

"ஆமா."

"ஊரே அழுதுச்சேடா, பாவி!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.